கறுப்பில் நிற்காத எழுத்து

ஜெகதீசன் உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்க, மனைவி ராஜாமணி முன்னறைக் கம்ப்யூட்டரில் அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அடித்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டு முன்னறையிலேயே நடத்திய டி.டி.பி. கடைக்கு ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார்.

"எழுதிக் குடும்மா, நான் வெளிய குடுத்து டைப் அடிச்சிக்கிறேன்" என்றார் வாசலில் நின்ற அச்சாபீஸ் தாண்டவராயன்.

"வேணாங்க. நானே பண்ணிடறேன்."

கூட்டேரிப்பட்டில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் பண்ணும் ஆதிநாராயணன் ஜெகதீசனின் அண்ணன். இவர்கள் மயிலம் கோயிலில் யாருக்கும் சொல்லாமல் தாலி கட்டிக்கொண்டதிலிருந்து பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. இந்த வீட்டுப் போன் என்று தெரிந்தாலே வைத்துவிடுவார். ஆனால் பிள்ளையில்லாத வீடு, கொள்ளி வைக்க அவர்தான் வரவேண்டும். மண்டிக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டினால் கண்ணில் படாமல் போகாது.

அதனால் புருஷன் பேரைத் தடித்த எழுத்தில் வைத்தாள். ஜெகதீசனுக்கு அந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது, 'எருமை மாதிரி நிக்குது' என்பார். அவருக்குப் பிடித்தது கல்யாணப் பத்திரிகை எழுத்து. நிற்கும் கோடு தடிமன், படுக்கும் கோடு மயிரிழை, முனையில் குட்டிப் பாதம். ஊரில் பாதிப் பேருக்கு அதில்தான் பத்திரிகை அடித்தார். வாசலையொட்டிச் சுவரில் தொங்கும் மஞ்சள் மாதிரிப் பத்திரிகையில் மணமக்களாகத் தங்கள் பேரையே போட்டு வைத்திருந்தார். அவர்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது.

'வருந்தும் மனைவி' என்பதற்குக் கீழே ஒரே பேர், அவளுடையது. அதை மட்டும் அவருக்குப் பிடித்த எழுத்தில் வைத்தாள். போஸ்டரை அச்சுக்காக ட்ரேசிங் தாளில் எடுத்துத் தாண்டவராயனிடம் கொடுத்தாள்.

"கறுப்புல வெள்ளை எழுத்தும்மா. மெல்லிசுக் கோட்டை மை முழுங்கிடும். ஒனக்குத் தெரியாததா?"

"இருக்கட்டுங்க."

தெரியும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். இதே காரணம் சொல்லி புருஷனிடம் சண்டையும் போட்டிருக்கிறாள். இனி சண்டை போடவும் ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று மணிக்குப் பாடை தயாராகிவிட்டது. வந்திருந்தது அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா பாத்துக்கினு இருக்கறது?" என்றார் தாண்டவராயன்.

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு ஜெகதீசனின் அதே மூக்கு. கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர், பசைகூடக் காயவில்லை. படியேறாமல் நின்றார்.

"தம்பி பேரு ரோட்டுக்கு அந்தாண்டயிருந்தே தெரிஞ்சிது" என்றார். "கீழ ஒன் பேருதான் தெரில. கோடு கோடா நிக்குது."

போஸ்டரில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எங்கூட்ல ஒன் பேர யாரும் சொன்னதில்ல. இன்னாம்மா பேரு?"

ராஜாமணி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து வராத அழுகைதான் வந்தது. சுவரில் தொங்கிய மாதிரிப் பத்திரிகையைக் கைகாட்டினாள்.

ஆதிநாராயணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். மஞ்சள் அட்டையில் மயிரிழைக் கோடுகள்கூடத் தெளிவாக இருந்தன. இரண்டு பேரையும் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.