முயல் ஒட்டிய மலர் வளையம்

"நாளைக்குக் குழம்புச் சட்டிய எங்க வைக்கப் போற?" என்று சொர்ணம் கேட்டாள்.

மருமகள் ஸ்னேஹா நிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, கோட்டுப் போட்ட ஒரு களிமண் முயலைக் கவிழ்த்த டீக்கோப்பையின் மேல் உட்காரவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். முயல் உட்காரமாட்டேன் என்றது.

"பாத்துக்கலாம் அத்தே. ஃபர்ஸ்ட் தீம் செட் ஆகட்டும்."

தீமாம்! சோறு தின்னும் மேசைக்கு என்ன தீம் வேண்டிக்கிடக்கிறது? மேசைக்குப் பச்சைத் துணி விரித்து, நர்சரியில் வாங்கிவந்த பாசியை அதன்மேல் ஜமுக்காளம் போலப் பரப்பியிருந்தாள். பாசிக்கு நடுவே தெர்மகோல் காளான்கள், மஞ்சள் கம்பளியில் கோழிக்குஞ்சுகள், இதோ விழப்போகிறேன் என்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து ஒட்டிய கோப்பைகள். தட்டுக்குத் தட்டு துணியை முயல் காதாக மடித்து, காதுகளுக்கு நடுவில் ஒரு முட்டை. முட்டைக்குக் கண், மீசை, வெட்கம். ஈஸ்டருக்கு வசந்தகால மேசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று போனில் எவளோ வெள்ளைக்காரி சொன்னாளாம். பெங்களூரில் ஏப்ரலில் வசந்தம் வந்து யார் பார்த்தார்கள்? தண்ணீர் லாரிதான் வரும். இந்த அழகில், பாசி காய்ந்துவிடக் கூடாதென்று மகாராணி அடிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் ஆயுசில் பாதியைக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலையில் கழித்தவள். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அவள் கண் முதலில் போவது கோணல் தையலுக்குத்தான். ரிட்டயர் ஆகி வந்த பிறகும் கண் ரிட்டயர் ஆகவில்லை. மகன் பிரசன்னா இந்தப் பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்திய அன்றே மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, மனசுக்குள் ரிஜெக்ட் மூட்டையில் போட்டுவிட்டாள். கன்னடக்காரி என்பதற்காக இல்லை. இந்து வீட்டுப் பெண் என்பதற்காகவும் இல்லை. பிரேசர் டவுனில் அதெல்லாம் பார்த்தால் குடித்தனம் நடத்த முடியாது. வந்த நாளிலிருந்து அவள் செய்வதெல்லாம் இந்தக் களிமண் முயல் மாதிரியே இருந்தது, அவ்வளவுதான். பார்க்க ஒன்று, உட்காரச் சொன்னால் ஒன்று.

நாளைக்கு அந்தப் பெண்ணின் அப்பா அம்மா வருகிறார்கள். கல்யாணத்துக்கு வராதவர்கள், இரண்டு வருஷமாகப் போனைக்கூட எடுக்காதவர்கள், இப்போது மனசு இறங்கி ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் இத்தனை கோமாளித்தனமும்.

"அத்தே, நடுவுல மட்டும்தான் கேப்பு. இந்த மாதிரி ஒரு ஃப்ளவர் ரிங் வேணும். எங்க கிடைக்கும்னே தெரியல" என்று ஸ்னேஹா போனை நீட்டினாள். வெள்ளைக்காரியின் மேசை நடுவில் வட்டமாகப் பூ, அதற்குள் மெழுகுவர்த்தி. சொர்ணம் "ம்" என்றாள். எருமை மாடு பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரசல் மார்க்கெட்டுக்குப் போனாள்.

அவளுக்கு ஈஸ்டர் என்றால் வேறு. விடியற்கால ஆராதனை, அதற்குப் பிறகு கல்லறை. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் அதுதான் ஈஸ்டர். முந்தின வாரமே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். ஈஸ்டர் அன்று மதியத்துக்குள் பூ வைத்துவிட வேண்டும். பூ இல்லாமல் ஒரு கல்லறை கிடந்தால், "வீட்டுல யாரும் இல்ல போல" என்பார்கள். தெரிந்தவர்களாக இருந்தால், "இருந்தும் இல்ல" என்பார்கள். சொர்ணத்தின் வீட்டுக்காரர் டிரேவர், சுரங்கத்தில் லிஃப்ட் ஓட்டியவர், பெங்களூரிலேயே கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாகப் படுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ஈஸ்டருக்கும் அவரை அவள் பூவில்லாமல் விட்டதில்லை. வெள்ளைச் சாமந்தியும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய பெரிய மலர் வளையமாகப் பார்த்து வாங்கிவந்து, பாத்ரூமில் தொட்டித் தண்ணீருக்கு மேல் குச்சி வைத்து, ஈரத்துணி போர்த்திவிட்டுப் படுத்தாள்.

காலையில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். வளையம் மேசை நடுவில் இருந்தது. உள்ளே தடித்த மெழுகுவர்த்தி ஒன்று, எரிய வைத்துப் பார்த்து அணைத்தது. சாமந்திமேல் மெழுகு சொட்டியிருந்தது. வளையத்தின் உச்சியில் பசை வைத்து ஒரு கம்பளி முயலை ஒட்டியிருந்தாள்.

"அத்தே!" ஸ்னேஹா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நேத்து நான் சொன்னப்ப நீங்க ஒண்ணுமே சொல்லல. எனக்காகப் போய் வாங்கிட்டு வந்து சர்ப்ரைஸா வெச்சிருக்கீங்க. உங்களுக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு நெனச்சேன் அத்தே."

பாத்ரூமில் ஈரத்துணி போர்த்திய சர்ப்ரைஸ்! சொர்ணத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. பிணத்துக்கு வைக்கிற வளையத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு ஜென்மம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினாள். இதை இப்போது, ஆளில்லாத நேரத்தில் சொல்லி வீணாக்குவானேன்? மதியம் இவளைப் பெற்றவர்கள் வருவார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். அப்போது மெதுவாக, சிரித்த முகமாக, "பாப்பா, இது உன் மாமனார் கல்லறைக்கு வாங்குனதும்மா" என்று பரிமாறிவிட வேண்டியதுதான். டிரேவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். உயிரோடு இருந்தபோதே அவளுக்காகக் காத்திருந்து பழகிய மனுஷன்.

பிரசன்னா தூங்கி எழுந்து வந்து மேசையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "மா, இது அப்பாவுக்கு..."

"வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் சொர்ணம்.

மூடிக்கொண்டான். அதில் மட்டும் குறையே சொல்ல முடியாது. பெண்டாட்டி பேசினாலும் போனைப் பார்ப்பான், அம்மா பேசினாலும் போனைப் பார்ப்பான்.

மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் இறக்கும்போது சம்பந்திகள் வந்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலுக்கு முன்னால் மீசை உள்ளே வந்தது. அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது ஸ்டேஷனில் கற்ற தமிழ். மரியாதை அதில் சேர்த்தி இல்லை. அவர் மனைவி யசோதா கையில் ஒப்பட்டுப் போளி டப்பாவோடு, மகளைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றாள். ஸ்னேஹா அம்மாவின் தோளைத் தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். பிறகு எல்லோரையும் மேசைக்குக் கூட்டிவந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது சொர்ணத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டியை வைக்க இடம் இல்லாததால் சொர்ணம் அதை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டு வந்து, தன் நேரத்துக்காகக் காத்து நின்றாள்.

கிருஷ்ணப்பா உட்காரவில்லை. முயல்களைப் பார்த்தார், முட்டைகளைப் பார்த்தார். வளையத்திடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. மீசைக்குக் கீழே மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஏம்மா, இது பொணத்து மேல வெக்கிறது இல்ல? என் சர்வீஸ்ல எத்தினி எடுத்துகினு போய் வெச்சிருக்கேன், எனக்கே டிமிக்கியா?"

"அப்பா, இல்லப்பா, இது ஈஸ்டர் டெக்கரேஷன்..."

"ஏய், எனக்குத் தெரியாதா?" அவர் கன்னடத்துக்கு மாறி மகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அப்பன் சோறு தின்ன வந்தால் சாவுப் பூவை வைத்துச் சோறு போடுகிறாயா, இன்ஜினியரிங் படித்தவள், உயிரோடு இருக்கிறவனுக்கு எது, செத்தவனுக்கு எது என்றுகூட இந்த வீட்டுக்கு வந்து மறந்துவிட்டதா, இதற்குத்தான் ஓடி வந்தாயா என்று அடுக்கினார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ருசித்துச் சொன்னார். "யசோதா, எந்திரி. இந்த டேபிள்ல நாம தின்னக்கூடாது."

யசோதா இன்னும் உட்காரவே இல்லை. எழுந்திருக்கச் சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்னேஹா வளையத்தைப் பார்த்தாள். அதில் சொட்டிய மெழுகைப் பார்த்தாள். பிறகு சொர்ணத்தைப் பார்த்தாள். "அத்தே வாங்கிட்டு வந்தாங்க" என்றாள். மாட்டிவிடும் குரல் இல்லை அது. கிணற்றில் விழுந்தவள் கயிற்றைத் தேடும் குரல்.

இதோ, சொர்ணம் காத்திருந்த நேரம். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வார்த்தையும் சூடாக, தயாராக இருந்தது. சொர்ணம் வாயைத் திறந்தபோது கிருஷ்ணப்பாவின் முகம் எதிரே இருந்தது. அந்த ஆள் சாப்பிட வரவில்லை. மகளைப் பார்க்கவும் வரவில்லை. கோணல் தையலைத் தேடி வந்தவன், கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். கல்யாண வீடு என்றால் தானே மாப்பிள்ளை, சாவு வீடு என்றால் தானே பிணம் என்கிற ஜாதி. அந்தப் பார்வை அவளுக்குப் புதிதும் இல்லை. காலையிலிருந்து அதையேதான் அவளும் முகத்தில் வைத்துக்கொண்டு திரிந்தாள். இந்த மனுஷனோடு சேர்ந்து ஒரே தட்டில் தின்பதா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா, நான்தான் வாங்கினேன்" என்றாள். "பொணத்துக்கு வைக்கிற பூவேதான். இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா சம்பந்தி? எங்க சாமி கல்லறைய காலி பண்ணிட்டு எழுந்து போன நாள். காலி கல்லறைக்கு எதுக்குப் பூ? அதனால மேசைக்குக் கொண்டாந்துடுவோம். எங்க கோலார்ல இதான் வழக்கம்."

கோலாரிலும் இல்லை, உலகத்தில் எங்கேயும் இல்லை அப்படி ஒரு வழக்கம். பிரசன்னா போனிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான்.

"மொசலு?" என்றார் கிருஷ்ணப்பா, விடாமல்.

"அதுவும்தான். குழியவிட்டு வெளிய வர்ற பிராணி இல்லியா? போலீஸ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க. உக்காருங்க, குழம்பு ஆறுது."

யசோதா முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நங்கு ஹசிவாகிதே ரீ" என்றாள். பசிக்கிறதாம். முயல் காதைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கிருஷ்ணப்பாவும் உட்கார்ந்தார்.

சொர்ணம் சட்டியைத் தூக்கிவந்தபோது ஸ்னேஹா ஒரு கையால் மேசைமேலிருந்ததை ஒதுக்கித் தள்ளினாள். பாசியும் காளானும் கோழிக்குஞ்சும் ஒரு பக்கமாகச் சரிந்தன, சாய்ந்திருந்த கோப்பைகள் நிஜமாகவே விழுந்தன. வளையத்துக்குப் பக்கத்தில் சட்டி உட்காருமளவுக்கு இடம் கிடைத்தது. கிருஷ்ணப்பா முதல் உருண்டையை வேண்டா வெறுப்பாக வாயில் போட்டார். மூன்று முறை குழம்பு வாங்கினார். வெட்கங்கெட்ட மனுஷன்.

சாயங்காலம் அவர்கள் போன பிறகு சொர்ணம் வளையத்தை மேசையிலிருந்து தூக்கி, "உன் மாமனாருக்கு வைக்கணும்" என்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தே" என்று ஸ்னேஹா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல சொர்ணத்துக்குத் தெம்பில்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது முன்னாலிருந்து மெதுவாகக் கேட்டது.

"எனக்குத் தெரியாது அத்தே."

"தெரியாதுன்னு தெரியும்."

"காலைலயே சொல்லியிருக்கலாமே."

ரயில் வந்து பெட்டி பெட்டியாகக் கடந்தது. சொர்ணம் வளையத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் முழுக்கக் காலையில் வைத்த பூக்கள் வெயிலில் வாடிக் கிடந்தன. சுண்ணாம்பு அடித்த டிரேவரின் கல்லறை மட்டும் மொட்டையாக இருந்தது. ஒரு மருமகளைக் கேவலப்படுத்திப் பார்க்கும் ஆசையில் அந்த மனுஷனைப் பொழுது சாயும்வரை ஊர் முன்னால் அப்படிப் போட்டுவிட்டாள். குனிந்து வளையத்தை வைத்தாள். சாமந்தியில் மெழுகு. சம்பங்கியில் ஒரு மஞ்சள் சோற்றுப் பருக்கை. உச்சியில் முயல்.

பக்கத்துக் கல்லறைக்குத் திரும்பவும் வந்திருந்த சபைக்காரி ஞானம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்னடி சொர்ணம் இது? மொசலா?"

"ஆமா, மொசலு. அதுக்கென்ன இப்ப?"

ஞானம்மாள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஸ்னேஹா அவசரமாக உட்கார்ந்து முயலைப் பிய்க்கக் கை வைத்தாள். பசை பூவோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"விடு. பிச்சா பூ வந்துடும்."

சொர்ணம் முயலைக் கூர்ந்து பார்த்தாள். ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எந்தச் செக்கிங்கிலும் நிற்காத சரக்கு. இரண்டு விரலால் அதன் தலையைப் பிடித்து நேராக நிமிர்த்தி வைத்தாள். கையை எடுத்ததும் அது மறுபடி டிரேவரின் பெயர் இருந்த பக்கமாகச் சாய்ந்தது.