வழி சொல்லும் பெட்டியும் நேசம்மாளும்

கல்யாணமான புதிதிலிருந்தே அந்த வீட்டில் வேலைப் பிரிவினை அப்படித்தான். யேசுரத்தினம் வண்டி ஓட்டுவார், நேசம்மாள் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லுவாள். ஓடும் வண்டியில் காற்று பேச்சைக் கொண்டுபோய்விடும் என்பதால், இருவருக்கும் நடுவே தனியாக ஒரு பாஷையே உருவாகியிருந்தது. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், இடது தோளில் தட்டினால் இடப்பக்கம். முதுகில் விரல் மூட்டால் ஒரு குத்து விட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு குத்து என்றால் ரோட்டோரம் நல்ல மீன் விற்கிறது, நிறுத்த வேண்டும்.

யேசுரத்தினம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு லைன் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் பழகாத ஊரில் ஒரு முக்கு வந்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து கை தானாகத் தளரும், தோளில் தட்டு விழட்டும் என்று காத்திருப்பார். நேசம்மாள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய டீச்சர். அவளுக்குத் திசை தவறியதாக யாரும் சொன்னதில்லை.

இருவரும் ஓய்வு பெற்றபின் ஒரு புது பைக் வாங்கினார்கள். அதில் மேற்குக் கரையோரமாகவே போய், பெல்காமில் இருக்கும் மகள் அஜிஷாவைப் பார்த்து வருவதாகத் திட்டம். அஜிஷா முதலில் பயந்தாள், பிறகு சிரித்தாள், கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"போங்க, நான் வேண்டாம்னு சொல்லேல. ஆனா பைக்குக்குன்னு உள்ள ஜி.பி.எஸ். ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போங்க. போன நம்பி எறங்காதிய."

போனை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் பேச்சிப்பாறைக்குப் போனபோது ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன், மழைத்துளிகளை விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தை விட்டுவிட்டு, தானாகவே போதகர் ஐயாவைக் கூப்பிட்டுவிட்டது. அவர் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கூப்பிட்டபடி இருந்தார்.

மகள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் நேசம்மாளுக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. பெட்டி வழி சொல்லும் என்றால் பின்னால் இருக்கிற நான் எதற்கு? அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு யேசுரத்தினத்தோடு கடைக்குக் கிளம்பினாள்.

மார்த்தாண்டத்தில் ஹெல்மெட், கையுறை, பைக் சாமான் எல்லாம் விற்கிற கடை வினோஜுடையது. வினோஜ் அவளிடம் படித்தவன். பரீட்சைத் தாளில் இலங்கையைக் குஜராத்துக்குப் பக்கத்தில் வரைந்து வைத்தவன் என்பது டீச்சரைப் பார்த்ததும் அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கல்லாவை விட்டு எழுந்து நின்றான்.

"டீச்சரே, வழி கண்டுபிடிக்க உங்களுக்கு மெஷினா?"

"எனக்கில்ல. சாருக்கு."

வினோஜ் மூன்று வகையை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று வட்டமாக, கைக்கடிகாரம் போல இருந்தது. அதில் அம்புக்குறி மட்டும்தான் தெரியும், ஊர் தெரியாது. இன்னொன்று அகலத் திரை. பார்க்க அழகு, ஆனால் போனோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது தடித்த கறுப்புப் பெட்டி. வரைபடம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தது. டவர் கிடைக்காத மலைப்பாதையிலும் வழி காட்டும், மழை பெய்தாலும் கவலையில்லை, கையுறையோடு தொட்டாலும் கேட்கும்.

யேசுரத்தினம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். வயர் எங்கே போகும், பேட்டரியில் நேராகக் கொடுப்பதா, பியூஸ் உண்டா என்று கேட்டார். நேசம்மாள் வேறு கேள்வி கேட்டாள்.

"இதுக்குள்ள இருக்கப்பட்ட மேப்பு எப்பம் உள்ளது?"

"அப்பப்போ புதுசாக்கலாம் டீச்சர். நேத்துதான் ஏத்தினேன். காட்டுறதுக்கு வச்சிருக்கத மாட்டித் தாறேன். நாளைக்கு எங்கயாவது ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் திருவட்டாறு பக்கம் போவது என்று முடிவாயிற்று. நேசம்மாளோடு வேலை பார்த்த சுனிதா டீச்சர் அங்கே ஆற்றங்கரைப் பக்கமாகப் புது வீடு கட்டிக் குடியேறியிருந்தாள். வீடுதான் புதிது, அந்த ஊர் நேசம்மாளுக்குப் பழக்கமானது. யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுனிதா அனுப்பிய இடத்தைப் பெட்டியில் ஏற்றினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார், ஹெல்மெட்டுக்குள் அது நிற்காது.

ஆற்றூர் தாண்டும்வரை பெட்டியும் நேசம்மாளும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். அதற்கப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் மூலையில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. நேசம்மாள் வலது தோளில் தட்டினாள். யேசுரத்தினம் வேகத்தைக் குறைத்தார், தலையைக் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார், இடப்பக்கம் திரும்பினார்.

அப்படி ஒன்று அதுவரை நடந்ததேயில்லை. நேசம்மாள் முதுகில் இரண்டு குத்து விட்டாள். வண்டி நின்றது.

"வலத்தோட்டுன்னு தட்டினேன்லா?"

"தட்டினது தெரிஞ்சுது நேசம். இது இடத்தோட்டுன்னு காட்டுது."

"சுனிதாவுக்க ஊருக்கு நான் அஜிஷா பெறக்கதுக்கு முன்னயே வந்து போறவளாக்கும்."

"இத டெஸ்ட் பண்ணத்தானே வந்திருக்கோம். அது சொல்லுகதக் கேட்டாத்தானே செரியா தப்பான்னு தெரியும்?"

கேள்வி சரியான கேள்வி. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. "அப்பம் நீங்களும் அதும் போங்க" என்று சொல்லி இறங்கினாள். கைப்பையும் போனும் வண்டியின் பக்கப்பெட்டியில் இருந்தன என்பது, பின்னால் வந்த ஆட்டோவில் ஏறி அது வலப்பக்க ரோட்டில் கொஞ்ச தூரம் போனபிறகுதான் நினைவுக்கு வந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

ஆட்டோக்காரர் முத்துநாயகம் கண்ணாடி வழியாக அவளை இரண்டு மூன்று முறை பார்த்தார்.

"அக்கா, இந்த வழியே வண்டி போவாதே. சானல் பாலத்த இடிச்சுப் போட்டிருக்கினும்."

"எப்பம்?"

"ஓணத்துக்கு முன்னயே இடிச்சாச்சு. நடந்து போறதுக்குத் தென்னந்தடி போட்டிருக்கு. நீங்க சொன்னதுனால வாறேன்."

அவர் சொன்னது சரிதான். பாலம் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் செம்மண் குவிந்து கிடந்தது, நடுவே சானல் வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஆட்டோவுக்கு உள்ள காசை அக்கரையில் இருந்து ஆள் மூலம் அனுப்புகிறேன் என்றாள் நேசம்மாள். "அது பொறவு பாத்துக்கலாம், நீங்க கால பாத்து வையுங்க" என்றார் முத்துநாயகம். பாலம் கட்டும் வேலையாள் ஒருவர் கை நீட்ட, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தென்னந்தடி மேல் அடிமேல் அடி வைத்து அக்கரை சேர்ந்தாள். ஒரு செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

சுனிதா முற்றத்தில் நின்று பார்த்தபோது, தலையில் ஹெல்மெட்டும் கையில் ஒற்றைச் செருப்புமாக ஓர் உருவம் நடந்து வந்துகொண்டிருந்தது.

"டீச்சரே, இது என்ன கோலம்? சார் அப்பளே வந்தாச்சு."

"வந்தாச்சா? எங்க?"

"வந்த வேகத்தில திரும்பிப் போயிட்டார். 'நேசம் வந்தாளா'ன்னு கேட்டார், இல்லன்னு சொன்னேன். காப்பி கலக்கினத ஒரு வாய் குடிக்கேல. உங்களத் தேடித்தான் போயிருக்கார்."

நேசம்மாள் கால் கழுவிவிட்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். யேசுரத்தினத்துக்கு வைத்த காப்பி அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் குடித்தாள். பெட்டி சொன்னது சரி. அதில் சந்தேகமில்லை. எத்தனை அடங்காத பிள்ளையாக இருந்தாலும் சரியாக எழுதிய விடைக்கு அவள் மார்க் போடாமல் விட்டதில்லை. அதனால் பெட்டி மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவர் இன்னும் வரவில்லையே என்பதுதான் இப்போது மனதில் நின்றது. வழி தெரியாத மனிதர், பெட்டியைக்கூடப் பார்க்காமல் எந்த முக்கில் திரும்பித் தேடிக்கொண்டிருக்கிறாரோ.

வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போனாள். யேசுரத்தினத்தின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, பேன்ட் முழங்கால்வரை செம்மண். சானல்வரைக்கும் போய், அவள் அக்கரை சேர்ந்த கதையை முத்துநாயகம் சொல்லக் கேட்டு, ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிட்டு, மறுபடியும் சுற்றி வந்திருந்தார். பக்கப்பெட்டியைத் திறந்து அவளுடைய கைப்பையை எடுத்து நீட்டினார்.

"மெஷினு செரியாத்தான் கொண்டு விட்டுது" என்றார். "எறங்கித் திரும்பிப் பாத்தா பின்னால நீ இல்ல. அப்பம் என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியேல."

நேசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுனிதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மறுபடி காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அது செரி, நான் தப்பு" என்றாள் நேசம்மாள்.

"பாலம் இல்லாமப் போனது உனக்க தப்பா? விடு."

அன்று மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் இருவரும் வினோஜின் கடைக்கு வந்தார்கள். இந்த முறை பேசியது நேசம்மாள்தான்.

"இந்தக் கறுப்புப் பெட்டி கொள்ளாம், நல்ல சாமான்தான். ஆனா எழுத்து பெரிசா வேணும். சார் கண்ணாடி இல்லாம அத வாசிக்கணும்னா மூக்க அதில கொண்டு முட்டணும். மலையில அப்பிடி ஓட்ட முடியாது."

"இதிலயே பெரிய திரை உண்டு டீச்சர்."

"பொறவு, அது சொல்லுகது எனக்கும் கேக்கணும். என்ன சொல்லுதுன்னு தெரியாம நான் பின்னால சும்மா இருக்க மாட்டேன்."

வினோஜ் உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தான். ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கியும் மைக்கும், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு ஜோடி. பெட்டி பேசுவது இரண்டு ஹெல்மெட்டிலும் கேட்கும், அது பேசாத நேரத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும் என்றான்.

"பேசவா?" என்றார் யேசுரத்தினம், அப்படி ஒரு தேவை இருக்கிறதா என்று யோசிக்கிறவர் போல.

பெரிய திரைப் பெட்டியை வினோஜே வண்டியில் பொருத்தினான். பியூஸ் போடுகிற வேலையை மட்டும் யேசுரத்தினம் விட்டுக்கொடுக்கவில்லை, தானே குனிந்து போட்டார். ஹெல்மெட்டுகளைச் சரிசெய்து கொடுத்ததும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

பெட்டிக்குள் இருந்த பெண் ஆங்கிலத்தில் பேசினாள். மார்த்தாண்டத்தை அவள் உச்சரித்த விதத்தில் நேசம்மாளுக்கு அது ஏதோ ஐரோப்பிய நாட்டுத் தலைநகரம் போலக் கேட்டது. கடைவீதி நெரிசல் முடிந்து ரோடு காலியானதும் பெட்டிக்காரி அமைதியாகிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் வேறொரு சத்தம் வந்தது. பெட்டியில் ரேடியோவும் இருக்கிறதோ என்று நேசம்மாள் முதலில் நினைத்தாள். பிறகு கவனித்துக் கேட்டாள்.

யேசுரத்தினம் பாடிக்கொண்டிருந்தார்.

கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து உதட்டை மட்டும் அசைக்கிற மனிதர் அவர். பாடகர் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டவர்களிடமெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தவர். இப்போது அடிக்குரலில், நிதானமாக, ஒரு பழைய கீர்த்தனையைத் தாளம் பிசகாமல் பாடினார். மைக் இருப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருடமும் வண்டியில் போகும்போதெல்லாம் இப்படிப் பாடிக்கொண்டுதான் போயிருக்கிறார், காற்று அதைக் கொண்டுபோயிருக்கிறது.

நேசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். நடுவே பெட்டிக்காரி ஒரு வளைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கோயிலில் அறிவிப்பு வாசிக்கும்போது பாடகர் குழு நிறுத்துவது போல அவர் நிறுத்தி, அவள் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினார்.

புதுக்கடை வந்தது. பெட்டி, வீட்டுக்குத் திரும்பச் சொன்னது. யேசுரத்தினம் பாட்டை விட்டுவிட்டு, காற்றைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று பழைய வழக்கப்படி உரக்கக் கத்தினார்.

"நேசம், வீட்டுக்குத் திருப்பட்டா?"

நேசம்மாளின் காது இரைந்தது. "பைய பேசுங்க. நல்லாக் கேக்குது."

வண்டி ஒரு கணம் தயங்கியது. "எப்பம் இருந்து கேக்குது?"

"மார்த்தாண்டத்தில இருந்தே."

யேசுரத்தினம் ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த பின்கழுத்தை ஒரு கையால் தடவிக்கொண்டார்.

"திருப்பாதிய. நேரா போங்க" என்றாள் நேசம்மாள்.

"நேரா போனா தேங்காய்ப்பட்டணம்லா?"

"ஆமா. கடல்வரைக்கும் போயிட்டு வரலாம். மீதியையும் பாடுங்க."

அவர் பாடவில்லை. இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார். பெட்டிக்காரி திரும்பிப் போகச் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. அவள் இன்னொரு வழியைத் தேடிச் சொன்னாள், அதையும் கேட்கவில்லை. பைங்குளம் தாண்டி, காற்றில் உப்பு வாசம் வந்தபோதுதான் அவர் குரல் மெல்ல எழுந்தது. இரண்டாவது அடியில் நேசம்மாளும் சேர்ந்துகொண்டாள்.