மூன்று கோட்டு மீன்

காசிராஜனுக்குக் கல்லூரியில் விலங்கியல் பாடம். வீட்டிலோ மீன் பைத்தியம். கோடை விடுமுறை விட்டால் மற்ற வாத்தியார்கள் மாமனார் வீட்டுக்குப் போவார்கள். இவர் வலையும் வாளியுமாக ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு ஓடையில் போய் இறங்கிவிடுவார். பிடித்த மீனைக் கெட்டுப்போகாமலிருக்கக் கரையிலேயே பார்மலின் பாட்டிலில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். வீட்டு அலமாரியில் ஊறுகாய் வைக்க இடமில்லை என்பது அவர் மனைவி வேலுத்தாயின் சலிப்பு.

1987 மே மாதம் அந்த ஓடையில் பாதி விரல் நீளத்துக்கு ஒருவகைக் கெண்டை கிடைத்தது. உடம்பில் குறுக்காக மூன்று கறுப்புக் கோடு. செதிலை எண்ணினார், முள்ளை எண்ணினார், இருந்த புத்தகத்தையெல்லாம் புரட்டினார். புது இனம்தான் என்று முடிவுகட்டி, ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "பேரு வச்சாச்சு. பார்பஸ் வேலுத்தாயே. லத்தீன்ல ஒம் பேருதான்."

வேலுத்தாய்க்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டிக்காட்டுப் பேர் என்று கேலி செய்த பேர் அது. அச்சில் வந்தது ஒரே தடவை, கல்யாணப் பத்திரிகையில். மறுநாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு நூர்பானு வாயை மூடவில்லை.

"ஏட்டி, ஒம் பேர்ல வார மீனக் கொழம்பு வைக்கவா, பொரிக்கவா?"

அந்தத் தடவை பார்மலின் தீர்ந்துபோனதால் அந்த மூன்று கோட்டு மீனில் நாலு மட்டும் உயிரோடு வீடு வந்திருந்தன. ஊரில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். பிடித்துவைக்கும் சிமெண்டுத் தொட்டியில் புழு வைக்காமலிருக்கச் சின்ன மீன் விடுவது எல்லா வீட்டிலும் வழக்கம். இவளும் அந்த நாலையும் தொட்டியில் விட்டாள். குழாய் வருகிற நாளில் மீனைச் சட்டிக்கு மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, திரும்ப விடுவாள்.

ஆகஸ்டில் ஒருநாள் பார்த்தால் முதல் கோடு மங்கியிருந்தது. சாயம் போகிறதோ என்று சிரித்துக்கொண்டாள். செப்டம்பரில் நடுக்கோடும் போயிற்று. அக்டோபரில் மீன் நன்றாக வளர்ந்திருந்தது. மிச்சம் வால் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புள்ளி அவளுக்குத் தெரிந்த புள்ளி. அலமாரியில் மூன்றாம் தட்டில், அவள் வாராவாரம் தூசி துடைக்கிற பாட்டிலில் இருக்கும் கண்மாய்க் கெண்டையின் புள்ளி. அதற்கு எந்தக் காலத்திலோ பேர் வைத்தாகிவிட்டது.

புது மீனைப் பற்றிய கட்டுரை டைப் ஆகி, பழுப்புக் கவரில் மேசைமேல் இருந்தது. திங்கட்கிழமை கல்கத்தாவிலிருக்கும் விலங்கியல் பத்திரிகைக்கு ரிஜிஸ்தர் தபால். சொன்னால் அவள் பேர் போச்சு. சொல்லாவிட்டால் அங்கே யாராவது கண்டுபிடித்து இவரைச் சந்தி சிரிக்க வைப்பார்கள். கண்டுபிடிக்காமலும் போகலாம். அந்தப் 'போகலாம்'தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளைப் படுத்தியெடுத்தது. நாலையும் நூர்பானு வீட்டுப் பூனைக்குப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

திங்கள் காலை, கவரோடு சைக்கிளை எடுத்தவரை மறித்துச் சட்டியை நீட்டினாள்.

"செத்த நேரம் இருங்க. இதப் பாத்துட்டுப் போங்க."

"கண்மாய்க் கெண்டைதான? இத என்னத்துக்குக் காட்டுத?"

"நீங்க மே மாசம் கொண்டாந்த நாலுந்தாங்க. வேற எதும் நான் தொட்டியில விடல. மூணு கோட்டு மீனு வளந்தா இதுதான்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லென்ஸை வைத்து நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் விலாவில் பழைய கோடு நிழலாக இன்னும் தெரிந்தது.

"எல்லாத்தையும் கரையிலயே கொன்னுட்டேன். பொறவு எப்படி வளரும்?" என்றார் மெல்ல. வருஷா வருஷம் மே மாதமே போய்வருகிறவர், அந்த ஓடையில் இந்த மீன் வளர்ந்து பார்த்ததே இல்லை. "ஒம் பேரு போச்சே, வேலு."

"போனாப் போவுது. ஒங்கள நாலு பேரு சிரிக்கதுக்கு அது தேவல."

"மொதக் கோடு என்னைக்கு மறஞ்சது? ஞாவகம் இருக்கா?"

அவள் அடுக்களைக் காலண்டரைக் கழற்றி வந்தாள். குழாய் வந்த தேதிக்கெல்லாம் பென்சில் வட்டம். ஆகஸ்டிலிருந்து வட்டத்துக்குப் பக்கத்தில் குட்டிக் கோடுகள்: மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் ஒரு புள்ளி.

"எம் பேரு வச்ச மீனாச்சேன்னு குறிச்சு வச்சேன்."

காசிராஜன் அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் கல்லூரிக்குப் போகவில்லை.

மறு வருஷம் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. கண்மாய்க் கெண்டை வளர வளரக் கோடு மறைவது பற்றி நாலு பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் இரண்டு பேர். மேலே இருந்த பேரை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பாத்தவ நீ. நான் சும்மா டைப் அடிக்கக் குடுத்தவன்" என்றார் அவர்.

நூர்பானு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, மீனுக்கு ஒம் பேரு இல்லையாமே?"

"அதுக்கு முன்னாடியே பேரு இருக்காம்க்கா" என்றாள் வேலுத்தாய், பத்திரிகையை விரித்துக் காட்டியபடி. "எழுதினவ பேருதான் வேலுத்தாயி."