மக்டலீன் இல்லாத பத்து நாள்

பன்னிரண்டு கேள்விகளில் ஏழு முடிந்திருந்தன. ஏழுக்கும் சிமியோன் பூச்சியம் என்றே சொல்லியிருந்தான். பக்கத்துக் கதிரையில் இருந்த அவன் மனைவி மக்டலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மானிப்பாயில் இருந்த அந்த மனநல நிலையத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் நிவேதனா, உரும்பிராய்ப் பிள்ளை. சண்டையில் நின்றவர்களை அந்த நாள்கள் இன்றைக்கு எவ்வளவு முடக்கி வைத்திருக்கின்றன என்று அளக்கிற படிவம் அவள் கையில் இருந்தது. கடந்த முப்பது நாளில் குளிக்க, வேலைக்குப் போக, சனத்தோடு பழக எவ்வளவு கஷ்டம் என்று கேட்பாள். பூச்சியம் என்றால் கஷ்டமே இல்லை, நாலு என்றால் செய்யவே ஏலாது. கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் யாரை உடனே எடுப்பது, யாரை மூன்று மாதம் கழித்து வரச் சொல்வது என்று டாக்டர் தீர்மானிப்பார்.

மக்டலீனிடம் மூன்று மாதம் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி. வருகிற மாதம் ஒபரேசன், பத்து நாள் ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டும். முன்பு கொடுத்த இரண்டு திகதிகளையும் ஏதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டாள். இனியும் தள்ளினால் தனக்குப் பொறுப்பில்லை என்று சர்ஜன் சொல்லியாயிற்று. அந்தப் பத்து நாளும் சிமியோனும் ஒன்பது வயது மகள் ஷெரோனும் குருநகர் வீட்டில் தனியே இருப்பதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு பதறியது.

“வெளியிலை போய்வரக் கஷ்டமோ அண்ணை?”

“இல்லை. இப்பவும் சைக்கிளிலைதானே வந்தனாங்கள்.”

சைக்கிளில்தான் வந்தார்கள். பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும், அது சிமியோனுக்கு ஆகாது. அதனால் வயிற்றில் கட்டியோடு கரியரில் குந்தி, ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள் மக்டலீன். படிவத்தில் அதை எழுத எங்கே இடம்?

“வேலைக்கு?”

“நண்டு வலை விடுறன். ஒரு நாளும் நிண்டதில்லை.”

இயக்கத்தில் பதினொரு வருடம் இருந்து, கடைசிச் சண்டையில் பிடிபட்டு, புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்தவன் அவன். மற்றவர்கள் நாலு பேராய் ஆழக்கடலுக்குப் போக, இவன் மட்டும் தனி வள்ளத்தில் கரையோரம். நேவிப் படகின் சத்தம் கேட்ட நாளில் வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்து வீட்டின் பின்கோடிக்குள் குந்தியிருப்பான். மக்டலீன் தன் தமக்கை கத்தரீனாவின் புருசனைக் கெஞ்சி வலையை எடுப்பிப்பாள். சிமியோனை நித்திரையிலிருந்து எழுப்புவதென்றாலும் கிட்டப் போக முடியாது. வாசலில் நின்று, வள்ளத்தை ஊன்றித் தள்ளும் நீளக் கம்பால் காலைத் தொட வேண்டும். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் தோளில் தட்டப் போய், அவள் கழுத்தில் அவன் கை விழுந்தபோது படித்த பாடம் அது. வீட்டில் விசிலடிக்கிற குக்கர் இல்லை. கோயில் பெருநாளில் வெடி கொளுத்துகிற நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்து, அந்த நேரம் பார்த்து அவனை உரும்பிராய்க்கு மரக்கறி வாங்க அனுப்பிவிடுவாள். பன்னிரண்டு வருடமாக மாய்கிறவள் அவள், பூச்சியம் வாங்குகிறவர் இந்தத் துரை.

கடைசியில் ஞாபக மறதிக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று என்று பெரிய மனது பண்ணிக் கொடுத்தான்.

“ரெண்டு,” என்றாள் நிவேதனா. “அண்ணை நல்லா இருக்கிறார், அக்கா. மூண்டு மாதத்தாலை வாங்கோ.”

மக்டலீன் எழும்பவில்லை. “பிள்ளை, உந்தக் கேள்வியளைத் திருப்பிக் கேளுங்கோ. நான் வீட்டிலை இல்லை எண்டு வைச்சுக் கேளுங்கோ.”

“படிவத்திலை அப்பிடி இல்லையே அக்கா.”

“படிவம் கிடக்கட்டும். வாற மாதம் பத்து நாள் நான் இருக்கமாட்டன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குக்கர், வெடி, கத்தரீனாவின் புருசன், ஒன்றையும் விடவில்லை. புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. பாதியில் சிமியோன் கையை உயர்த்தினான்.

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். வெடிக்கு முதல் மரக்கறிக்கு விடுறதும் தெரியும்.”

மக்டலீனுக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. களவெடுக்கிறவள் மாதிரி இத்தனை வருடமாய் ஒளித்து ஒளித்துச் செய்தாளே. “தெரிஞ்சுகொண்டோ பூச்சியம் பூச்சியம் எண்டனீங்கள்?”

“பிறத்தியாருக்கு முன்னாலை எனக்கு வீட்டிலை கஷ்டம் எண்டு சொன்னால் என்ன அர்த்தம்?” சிமியோன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீ என்னை வடிவாக் கவனிக்கேல்லை எண்டெல்லோ எழுதுவினம்.”



“அண்ணை, உது அக்காவைப் பற்றின கேள்வியில்லை,” என்றாள் நிவேதனா. புதுத் தாள் ஒன்றை எடுத்து, அக்கா வீட்டில் இல்லை என்று வைத்து முதலில் இருந்து தொடங்கினாள்.

இந்த முறை அவன் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தான். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுவது போலத்தான் சொற்கள் வந்தன. இரண்டு. மூன்று. மூன்று. பன்னிரண்டும் முடிந்த பிறகு, தாளில் இல்லாத ஒன்றை நிவேதனா கேட்டாள்.

“மகளோடை தனிய இருக்க?”

“நாலு.”

உடனேயே சொன்னான். பிறகு குரல் இறங்கியது. “நித்திரையிலை அவள் வந்து தொட்டால் என்ரை கை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. ஷெரோன் கத்தரீனா வீட்டிலை நிக்கட்டும். நான் இஞ்சை வந்து படுக்கிறன். கட்டில் இருக்கோ?”

டாக்டரைக் கேட்டு வருவதாக நிவேதனா எழும்பிப் போனாள்.

இதைக் கேட்கத்தான் மக்டலீன் இவ்வளவு தூரம் வந்தாள். ஆனாலும் இவன் நோயாளிகளுக்கு நடுவில் தனியே படுத்திருப்பதை நினைத்தவுடன் அவளுக்கு மனம் தாங்கவில்லை. “வேண்டாம். நான் என்னெண்டாலும் சமாளிப்பன்,” என்று வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.

“இவ்வளவு காலமும் சமாளிச்சது காணும்,” என்றான் சிமியோன். “நீ போய் ஒபரேசனைச் செய்.”