பதினைந்தாவது நாற்காலி

ஹோபார்ட் துறைமுகத்துப் பின்தெருவில் டெஸ்மண்ட் குவில்டி தொடங்கவிருந்த மதுக்கூடம், திறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு அரை முழம் சுருங்கியது. அந்த வாரம் மீன் வரத்தும் குறைவுதான். பதினான்கு நாற்காலி போட்ட இடம் பதின்மூன்றுதான் கொண்டது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, சுவரில் குறையில்லை, முதலாளிக்குத்தான் பயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயம் உண்மைதான். முப்பத்தொரு வருடம் ஓட்டல் சமையற்கட்டில் நின்றவர், சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. திரும்பி வரும் தட்டைத்தான் பார்ப்பார். ஓரத்தில் ஒதுக்கிய பீட்ரூட்டும் பாதி கடித்த மீனும் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். முட்டி தேய்ந்து, இனி அடுப்படி கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகே வைனும் காக்டெயிலும் ஊற்றும் இந்தச் சின்ன இடத்தைப் பிடித்தார். கோப்பைகள் காலியாகத்தான் திரும்பும் என்பதை மனுஷன் யோசிக்கவில்லை. பிடித்துக் குடித்தார்களா, மரியாதைக்குக் குடித்தார்களா, யார் கண்டது? ஒத்திகைக்கு வந்த நண்பர்கள் பிரமாதம் என்று சொல்லச் சொல்லச் சுவர் உள்ளே வந்தது.

பத்து நாற்காலிக்குக் குறைந்தால் உரிமம் கிடையாது. திறப்பு நாளன்று மாலை ஐந்து மணிக்குப் பத்து இருந்தன, ஆறு மணிக்கு எட்டு. ஏழு மணிக்கு அதிகாரி எண்ண வருவார். வந்தவர்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"டெஸ், மூச்ச இழுத்து விடு. மூலை நாற்காலியும் போச்சு," என்றாள் மனைவி நோலீன்.

"தெரியுது. சொல்லிச் சொல்லி இன்னொண்ணையும் அனுப்பிடாத."

அப்போது படகுக்காரி ஐவி, பாதி குடித்த கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "என்னய்யா இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு? வேற கொண்டா."

டெஸ்மண்ட் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இனிப்பு அதிகம்தான். சர்க்கரைப் பாகைக் குறைத்து வேறொன்று கலந்து வைத்தபோது சுவர் ஒரு சாண் பின்வாங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாய் வந்தது. வைன் சூடாக இருக்கிறது, ஆலிவ் கரிக்கிறது, இசை காதைக் கிழிக்கிறது. ஏழு மணிக்கு அதிகாரி பதினொன்று எண்ணினார். தன் வைன் புளிப்பு என்றார், பன்னிரண்டாவதையும் எண்ணினார், கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அங்கே யாரும் கோப்பையைக் காலி செய்வதில்லை. சுவர் பதினான்கில் நின்றது. அவர்களுடைய கல்யாண நாளில் நோலீன் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"டெஸ், முப்பது வருஷமா உன் சூப்புல உப்பு ஜாஸ்தி."

மறுநாள் இன்னொரு நாற்காலி வாங்க வேண்டியிருந்தது.