மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்ட பந்து

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எந்தக் காகிதமும் யார் மேஜையிலும் ஒரு நாளைக்கு மேல் தங்கியது கிடையாது. வேலை அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால், புகார்ப் பிரிவு அதைக் குழாய்ப் பிரிவுக்கு அனுப்பும். குழாய்ப் பிரிவு பராமரிப்புப் பிரிவுக்குத் தள்ளும். பராமரிப்பு, வரைபடப் பிரிவின் கருத்தைக் கேட்கும். வரைபடப் பிரிவு, அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று புகார்ப் பிரிவையே திருப்பிக் கேட்கும். ஒவ்வொருவரும் காகிதத்தின் தலையில் ‘மேல் நடவடிக்கைக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கையில் இருக்கிறவரைதான் பொறுப்பு. கை மாறிவிட்டால் தலைவலி அடுத்தவருக்கு.

இந்த அலுவலகத்துப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து சாஃப்ட்பால் ஆடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மட்டையால் அடித்தவள் மூன்று பேஸ்களை வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோமுக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அடித்தவள் போய்ச் சேருவதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டால் அவள் அவுட். பேஸுக்கு வெளியே ஓடுகிறவளைப் பந்தால் தொட்டாலும் அவுட். மூன்று அவுட் ஆனால் அடிக்கிற முறை அடுத்த அணிக்கு. பந்து கைக்கு வந்ததும் எங்கே எறிவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் அலுவலகத்துப் பெண்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பந்து கைக்கு வந்ததா, அனுப்பு. இரண்டாவது பேஸ்காரி மூன்றாவதற்கு அனுப்புவாள், மூன்றாவதுகாரி முதலாவதற்கு அனுப்புவாள், முதலாவதுகாரி மறுபடி இரண்டாவதற்கு. பந்து இப்படிப் பிரிவு பிரிவாகச் சுற்றி வருவதற்குள் எதிரணிப் பெண் ஹோமைத் தொட்டு, தண்ணீர் குடித்து, தலைமுடியையும் சரிசெய்துகொண்டிருப்பாள்.

இதில் ஷார்ட்ஸ்டாப் என்ற இடம் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். அதிகமான பந்துகள் வருவது அங்கேதான். அங்கே நின்றவளைத் தபாலக்கா என்பார்கள். பத்தொன்பது வருஷமாகத் தபால் பிரிவில் உட்கார்ந்து, யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறவள். இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் நோட்டு எழுதிய பிறகு, ஷார்ட்ஸ்டாப்பில் நின்றிருந்த பெண்ணுக்கு மாற்றல் வந்ததால் கிடைத்த இடம் அது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான், வருகிற ஒன்று அவளைத் தேடி வருகிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலடி மண் அவளுக்கு உயிர்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. போன சனிக்கிழமை பந்து கைக்கு வந்ததும் பழக்கத்தில் இரண்டாவது பேஸுக்கு வீசினாள். அங்கே ஈ காக்காய் இல்லை. பந்து சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குள் புகுந்துவிட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் மூன்று ரன்.

திங்கட்கிழமை காலை அவள் மேஜையில் ஒரு மெமோ கிடந்தது. ‘ஆளில்லாத இரண்டாவது பேஸுக்குத் தாங்கள் பந்தை அனுப்பியது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ கையெழுத்து, கண்காணிப்பாளர் அம்மாளுடையது. அலுவலகத்திலும் மைதானத்திலும் அவர்தான் தலைவர். ஹோமுக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்காரும் கேட்சரும் அவரே. அவர் பந்தை விட்டால் எறிந்தது சரியில்லை. அவர் பந்தைப் பிடித்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டைப்பிஸ்ட் பெண் முணுமுணுப்பாள், அதுவும் கதவு சாத்தியிருக்கும்போது.

தபாலக்கா விளக்கத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனாள். அம்மாள் அதைப் படிக்கவில்லை.

“இங்க பாரும்மா. யோசிக்கிற வேலை எனக்கு, எறியிற வேலை உனக்கு. நான் எங்க சொல்றேனோ அங்க எறி. இன்னொரு தடவை உன் இஷ்டத்துக்கு ஏதாவது செஞ்சா, பழையபடி பெஞ்சுதான். புரியுதா?”

“புரியுதுங்க மேடம்.”

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொல்லி அழுதாள். அவர் பஸ் டிரைவர். அழுகை ஓயும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, சமையலறைத் தரையில் உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, காப்பித்தூள் டப்பா, தண்ணீர்ச் செம்பு என்று நான்கை, மூன்று பேஸும் ஹோமுமாக, நான்கு மூலைக்கு வைத்தார்.

“இப்ப ஒரு அவுட். காப்பித்தூள்ல ஒருத்தி நிக்கறா. பந்து உன்கிட்ட வருது. என்ன பண்ணுவே?”

“எறிவேன்.”

“எங்க?”

“மேடம் சொல்ற இடத்துக்கு.”

“மேடம் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ ஹோமுக்குப் போய்க் குளிச்சிட்டே வந்துருவாளே! நான் சிக்னலுக்குக் கிட்டப் போனப்புறமா யோசிப்பேன்? தூரத்துலயே கணக்குப் போட்டுடுவேன். பந்து வர்றதுக்கு முன்னாடியே நீ முடிவு பண்ணிடணும். யார் எங்க நிக்கறா, யாருக்குக் கால் வேகம், எத்தனை அவுட்டு... எல்லாத்தையும் பார்த்து வச்சுக்கோ. இன்னொண்ணு, பிரேக் போடறதும் ஓட்டறதுலதான் சேர்த்தி.”

பிறகு அவரே ஓட்டக்காரியாகி டப்பாக்களைச் சுற்றி ஓடினார். சர்க்கரை கொட்டியது. நான்கு நாள் அந்த வீட்டில் எறும்புகளுக்குக் கொண்டாட்டம். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ரெண்டு பேரையும் யாரும் கேக்கறதில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மருத்துவமனை நர்சுகளோடு ஆட்டம். ஒவ்வொரு பந்து வீசும் முன்னும் தபாலக்கா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். “ஒரு அவுட், முதல்ல ஒருத்தி, தரையோட வந்தா ரெண்டாவதுக்கு...” வேண்டுதல் போலிருக்கிறது என்று மற்றவர்கள் மரியாதையாக விலகி நின்றார்கள்.

யார் செய்த புண்ணியமோ, கடைசி இன்னிங்ஸில் தண்ணீர் வாரியம் ஐந்து ரன், மருத்துவமனை நான்கு. நர்சுகளில் பாதிப் பேர் தொடர்ந்து இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். இரண்டு அவுட் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு அவுட். அது கிடைத்தால் இந்த அணி பிறந்த நாளிலிருந்து பார்க்காத வெற்றி. ஆனால் இரண்டாவது பேஸில் நின்றவள் சாதாரணப்பட்டவள் இல்லை. வழியில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வதால் ஆம்புலன்ஸ் என்று பெயரெடுத்தவள். மட்டை பிடித்தவளும் ஒல்லியாக, காற்றாய்ப் பறக்கிறவள்.

தபாலக்கா முணுமுணுத்தாள். “ரெண்டு அவுட். ரெண்டாவதுல ஆம்புலன்ஸ். அடிக்கிறவ வேகம். பந்து நேரா வந்தா முதல் பேஸ். எனக்கும் மூணாவதுக்கும் நடுவுல உருண்டு போனா, எடுக்கறதுக்குள்ள அவ முதல் பேஸ்ல இருப்பா. அப்ப...”

அடித்துவிட்டாள். பந்து சொல்லிவைத்தாற்போல் அந்த நடுவிலேதான் உருண்டது. தபாலக்கா ஓடிப்போய்க் குனிந்து, கையுறையின் நுனியில் அதை அள்ளி நிமிர்ந்தாள்.

“முதல் பேஸ்! முதல் பேஸுக்கு எறி!” என்று அம்மாளின் குரல் முகமூடியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மைதானமே “எறி, எறி” என்றது. முதல் பேஸில் நின்ற ரெக்கார்டு ரூம்காரி கையை நீட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தயாராகிவிட்டாள். ஒல்லிப்பெண்ணுக்கோ இன்னும் இரண்டே எட்டு. எறிந்தால் வீண். பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும், ஆம்புலன்ஸ் மூன்றாவது பேஸில் நிற்காமல் நேரே ஹோமுக்குப் போய்விடுவாள். அப்படிப் போகத்தான் அவள் கிளம்பியும்விட்டாள். தண்ணீர் வாரியத்துக்காரர்கள் கையில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த விஷயம்.

பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் தபாலக்காவின் கையைத் தூக்கியது. கை முழு வேகத்தில் முன்னால் வந்தது. பந்து வரவில்லை. அவள் அதை விடவில்லை.

எறியாமல் இருந்தால் இடம் போய்விடும் என்று அவளுக்கு அந்த நொடியிலும் தெரியும். இருந்தும் பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது பேஸ் பக்கம் திரும்பினாள்.

ஆம்புலன்ஸ் மூன்றாவது பேஸைத் தாண்டி, ஹோமுக்குப் பாதி வழியில் இருந்தாள். பந்து முதல் பேஸுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் திரும்பிப் பார்த்தவள், அது எதிரிலேயே ஒருத்தியின் கையில் இருப்பதைக் கண்டு திருதிருவென்று விழித்து நின்றுவிட்டாள். தபாலக்கா அவளைக் குறிவைத்து ஓடினாள். வயசு நாற்பத்திரண்டு, இடது முழங்கால் அவ்வப்போது பேசும். அன்றைக்குப் பேசவில்லை.

“அக்கா, பந்தை என் பக்கம் தள்ளுங்க!” என்று மூன்றாவது பேஸிலிருந்து டைப்பிஸ்ட் பெண் குதித்தாள்.

“இங்க! ஹோமுக்கு! நான் சொல்றேன், ஹோமுக்கு எறி!” என்று அம்மாள் முழங்கினார். அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்டால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆம்புலன்ஸும் நம்பிவிட்டாள். பந்து ஹோமுக்குத்தான் போகப்போகிறது என்று எண்ணி, சட்டென்று மூன்றாவது பேஸுக்கே திரும்பி ஓடினாள். வழியில் தபாலக்கா வந்துகொண்டிருந்தாள். இருவரும் முட்டிக்கொள்ளாத குறை. தபாலக்கா இரண்டு கையாலும் பந்தை அவள் தோளில் வைத்து அழுத்தினாள்.

அம்பயர் கையை மடக்கி “அவுட்!” என்றார்.

ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அணியில் யாருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெக்கார்டு ரூம்காரி கண்ணை மூடியபடி கையை நீட்டிக்கொண்டே நின்றாள். டைப்பிஸ்ட் போய் உலுக்கித்தான் விஷயத்தைச் சொன்னாள். அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது. அதற்குள் அம்மாள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூச்சல் அடங்கிவிட்டது.

“நான் என்ன சொன்னேன்?”

“முதல் பேஸுக்கு எறியச் சொன்னீங்க மேடம். அப்புறம் ஹோமுக்கு.”

“எறிஞ்சியா?”

“இல்லீங்க மேடம்.”

“ஏன்?”

தபாலக்காவுக்கு மூச்சு இன்னும் சீராகவில்லை. “எறியிறதுக்கு இடம் இல்லீங்க மேடம். நானே வச்சுக்கறதுதான் சரின்னு பட்டுச்சு.”

அந்த அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிராத வார்த்தை அது. அம்மாள் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு குழாயடிப் பக்கம் போய்விட்டார்.

போயிற்று என்று தபாலக்கா நினைத்தாள். மற்றவர்கள் அவள் முதுகில் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் முடிச்சு அவிழ மறுத்தது.

அம்மாள் ஈர முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

“நீ ஹோமுக்கு எறிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேன்,” என்றார்.

“மேடம்?”

“வேகமா வர்ற பந்தைப் பார்த்தா எனக்குப் பயம்மா. கண்ணு தானா மூடிக்குது. அதனாலதான் முதல் பேஸ், ரெண்டாவது பேஸ்னு கத்திக்கிட்டே இருக்கேன். என்கிட்ட வரக் கூடாதுன்னு.” கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இன்னைக்கு வேற வழியில்லாம ஹோமுக்குன்னு கத்திட்டேன். நீ எறியலை. அப்பாடான்னு இருந்தது.”

பத்தொன்பது வருஷமாக இந்த முகத்தைப் பார்த்து நடுங்கியவள் தபாலக்கா. அதில் பயத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

“அப்ப அடுத்த சனிக்கிழமை நான்...”

“நீ நின்ன இடத்துலயே நில்லு. அங்க உன்னைத் தவிர யார் நிப்பா? நான் எங்க நிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை.”

தபாலக்கா பாதி அவிழ்ந்த ஷூவைத் திரும்ப இறுக்கிக் கட்டினாள். முடிச்சு இப்போது ஒழுங்காக விழுந்தது.

“இன்னும் பத்து நிமிஷம் வெளிச்சம் இருக்குங்க மேடம். நீங்க ஹோம்ல போய் நில்லுங்க. நான் மெதுவா போடறேன். இப்ப யாரும் பார்க்க மாட்டாங்க.”

அம்மாள் முகமூடியை மாட்டிக்கொண்டு போய்க் குந்தினார். தபாலக்கா ஐந்தடி தூரத்திலிருந்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் பந்தைத் தூக்கிப் போட்டாள். அம்மாள் அதை விட்டார். ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி போட்டாள். அதையும் விட்டார்.

“எறிஞ்சது சரியில்லை,” என்றார்.

“ஆமாங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு, தபாலக்கா மறுபடியும் பந்தை எடுத்துவரப் போனாள்.