ஒரே எண்ணில் இரண்டு கேமரா

அவள் பொத்தானைத் தொடவே இல்லை. ஆனாலும் கேமராவின் தலையில் இருந்த சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

வெயில் பட்டு மின்னியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடியும் சிமிட்டியது.

அவள் நின்றிருந்தது கயிறு கட்டித் தடுத்த எல்லைக்கு வெளியே, அடைத்துக் கிடந்த ஒரு மருந்துக்கடையின் படியில். கேமரா இருந்தது எல்லைக்கு உள்ளே, எழுபது மீட்டர் தள்ளி, ஒரு செங்கல் குவியலின் மேல். அதற்கும் அப்பால், ஆறு கால்களை ஊன்றிக்கொண்டு, தெருவிலேயே உயரமான பழைய தண்ணீர் டேங்க். இன்றைக்கு அதைச் சாய்க்கப் போகிறார்கள். வெடி வைக்கவில்லை. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் பாதி அறுத்துவிட்டு, உச்சியில் இரும்புக் கயிறு மாட்டி, ஒரு பெரிய இயந்திரத்தால் இழுப்பார்கள். எந்த நொடியில் சாயும் என்று இழுக்கிறவனுக்கே தெரியாது. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றியாகிவிட்டது. இனி டேங்க் தரையில் விழும்வரை ஈ காக்கை உள்ளே போக முடியாது.

அதனால்தான் ரிமோட். கேமராவின் தலையில் ஒரு சின்னப் பெட்டி, கையில் ஒரு சின்னப் பெட்டி. இங்கே அழுத்தினால் அங்கே எடுக்கும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை விநாடிக்கு எட்டுப் படம் வீதம் எடுத்துத் தள்ளும்படி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"டேங்க் சாயற அந்த நொடி வேணும்மா" என்று காலையில் பத்திரிகை எடிட்டர் சொல்லியிருந்தார். "நிக்கறதும் வேண்டாம், விழுந்து கிடக்கறதும் வேண்டாம். ஊர்ல எல்லார் போன்லயும் அது இருக்கும். சாயறது, கிட்டக்க இருந்து. அது கிடைச்சா நாளைக்கே உன் நிரந்தர உத்தரவுல கையெழுத்து. கிடைக்கலைன்னா, நான் வேற வாயைத் திறந்து சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. அக்கா வீட்டுக் கூடத்துச் சோபாவில் காலை மடக்கிப் படுத்ததும் அதே மூன்று மாதம்தான். இந்த வேலை நிலைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அத்தான் செய்தி பார்க்க நிற்பதும், இவள் எழுந்து இடம் விடுவதும் தினமும் நடந்துகொண்டிருந்தது.

நீண்ட லென்ஸ் மாட்டிய இன்னொரு கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. அதைக் கண்ணில் வைத்து மெல்லத் திருப்பினாள். அவளுடைய கேமராவுக்கு இடப்பக்கம், கவிழ்த்த தொட்டி ஒன்றின் மேல் இன்னொரு முக்காலி. இன்னொரு கேமரா. அதன் தலையிலும் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு விளக்குகளும், சொல்லி வைத்த மாதிரி, சேர்ந்தே சிமிட்டின.

அது அவள் கணவனுடைய கேமரா.

அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியாது. டேங்கை இடிக்கும் கான்ட்ராக்டர் தன் வேலைக்குப் படச்சாட்சி வேண்டும் என்று அவனை அழைத்திருந்தார். காலையில் அவள் எல்லாவற்றையும் பொருத்தி, சரிபார்த்துவிட்டு, நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். திரும்பி வரும்போது அவன் குனிந்து முக்காலியின் காலை நீட்டிக்கொண்டிருந்தான். கழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது. இருவரும், முன்பின் தெரியாதவர்கள் பேருந்தில் ஒதுங்கிக்கொள்வதுபோல ஒதுங்கிக்கொண்டார்கள்.

இப்போது விஷயம் புரிந்தது. இந்த ரிமோட்டுகளுக்குப் பதினாறு சேனல்கள். பக்கத்திலிருக்கும் குட்டி விசைகளை ஊசியால் நகர்த்தி, ஏதாவது ஓர் எண்ணில் வைத்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபங்களில் இருவரும் சேர்ந்து வேலை செய்த நாட்களில் இரண்டு கேமராவையும் ஏழாம் எண்ணில் வைத்திருந்தார்கள். யார் அழுத்தினாலும் இரண்டும் எடுக்கும். ஒரே நொடி, இரண்டு கோணம். ஏழு என்பது அவர்கள் முதன்முதலில் குடியேறிய வீட்டின் கதவு எண். வீட்டை விட்டு வரும்போது துணிமணி, சான்றிதழ், சார்ஜர், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பிரித்தவள் இந்த ஏழாம் எண்ணைப் பிரிக்க மறந்திருந்தாள். அவனும் மறந்திருக்கிறான்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை எடுக்கும்படி அவன் தன் ரிமோட்டில் டைமர் வைத்திருக்கிறான். அவன் கேமரா ஒரு தடவைக்கு ஒரு படம் எடுக்கும். அவளுடையது, வேகமாக எடுக்க வைத்திருந்ததால், மூன்று எடுத்துவிடும். பெரிய கார்டு அக்கா வீட்டு மடிக்கணினியிலேயே சொருகிக் கிடந்தது. அவசரத்துக்குப் போட்ட சின்ன கார்டில் இடம் இருநூறு படத்துக்குத்தான். டைமர் ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். இன்னும் நாலரை நிமிடம். அதற்குப் பிறகு கார்டு நிறைந்து, கேமரா கண் இருந்தும் குருடாக நிற்கும்.

டேங்க்கோ நாலரை நிமிடத்தில் விழப்போவதில்லை. இரும்புக் கயிறு இன்னும் தளர்ந்துதான் தொங்கியது.

போனை எடுத்து அவன் எண்ணைப் போட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. வேலை நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைப்பது அவன் பழக்கம். அக்கா அவனுக்கு வைத்த பெயரே 'கடிகாரம்'. "உன் கடிகாரம் இன்னைக்குச் சாப்பிட எத்தனை மணிக்கு அடிக்கும்?" என்பாள்.

படியிலிருந்து இறங்கி ஓடினாள். கயிற்றருகே நின்ற சூப்பர்வைசர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எங்கம்மா?"

"ஒரே ஒரு நிமிஷம் சார். கேமராவைத் தொட்டுட்டு வந்துடறேன்."

"நீ தொட்டுட்டு வர்றதுக்குள்ள டேங்க் உன்னைத் தொட்டுடும். பின்னாடி போ."

"இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கலையே!"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட யார் பதில் சொல்றது? நானா?"

"அவர்கிட்டதான் சார் நான் பேசணும்!"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிலை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கக் கூட்டத்தில், கான்ட்ராக்டரின் வண்டிக்கு அருகே அவன் நின்றிருந்தான். லென்ஸில் அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். அவன் பார்வை தன் கேமராவின் சிவப்பு விளக்கிலேயே இருந்தது. உதடு அசைந்தது. எண்ணுகிறான்.

அந்த உதட்டைப் பார்த்ததும்தான் அவளுக்கு யோசனை தட்டியது. மண்டபத்தில் மேளமும் கூச்சலுமாக இருக்கும்போது, 'என்னைப் பார்' என்பதற்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று ரிமோட்டை அழுத்தி அவன் கேமராவின் விளக்கை அடித்துக் காட்டுவாள். ஆனால் ஒவ்வொரு அழுத்தும் அவள் கார்டிலிருந்தே போகும். போனால் போகட்டும்.

அழுத்தினாள். குட்டை. குட்டை. நெட்டை.

அவன் உதடு நின்றது. புருவம் சுருங்கியது. மெல்லத் தலையைத் தூக்கி, நடுவிலிருந்த காலி இடத்தைத் தாண்டி, நேராக அவளைப் பார்த்தான். அவள் போனைத் தலைக்கு மேல் ஆட்டினாள்.

அவன் கூப்பிட்டான். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்தாள்.

"என்ன?" என்றான்.

"ஏழு. ரெண்டும் ஏழுல இருக்கு. உங்க டைமர் என் கேமராவையும் அடிக்குது. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு மூணு. கார்டு தீரப்போகுது. நிறுத்துங்க!"

"மாத்தலையா நீ?"

"நீங்க மாத்தினீங்களா?"

அந்தப் பக்கம் கான்ட்ராக்டர் யாரையோ அதட்டுவது கேட்டது.

"அவர் அஞ்சு விநாடிக்கு ஒண்ணுன்னு தொடர்ச்சியா கேட்டிருக்கார்" என்றான். "நடுவுல விட்டா என் வேலை போச்சு."

"விடலைன்னா என் வேலை போச்சு."

விளக்கு சிமிட்டியது. மூன்று படம். மறுபடியும். மூன்று படம். இயந்திரம் உறுமத் தொடங்கியது. இரும்புக் கயிறு நிலத்திலிருந்து எழுந்து விறைத்தது.

"ஏங்க!" என்றாள். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

அடுத்த ஐந்து விநாடி வந்தது. விளக்கு சிமிட்டவில்லை.

"நிறுத்திட்டேன்" என்றான். "எத்தனை மிச்சம்?"

"அறுபது இருந்தா அதிகம். ஆறேழு விநாடி அழுத்திப் பிடிக்கலாம். ஒரே ஒரு தடவைதான்."

"சரி. நீ பார்த்து அழுத்து. என்னுதும் அதுலயே எடுத்துக்கட்டும்."

அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள், புழுதி அடங்குவதற்காகத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஒன்று தெருவில் பின்னோக்கி வந்து, சரியாக அவளுக்கு முன்னால் நின்றது. டேங்கின் தலை மட்டும் தெரிந்தது. அறுத்த கால்கள் லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டன. டேங்க் முதலில் அசையப்போவது அந்தக் கால்களில்தான். இடப்பக்கம் கூட்டம் சுவராக நின்றது, வலப்பக்கம் சூப்பர்வைசர்.

"லாரி மறைக்குது. எனக்குக் கால் தெரியலை" என்றாள்.

"எனக்குத் தெரியுது."

அடுத்த வார்த்தை என்னவென்று இருவருக்குமே தெரியும். சண்டையே கண்ணால் பார்த்து அழுத்துவதில்தானே தொடங்கியது! மூன்று மாதம் முன்பு ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் அப்பா யாரும் எதிர்பாராத நேரத்தில் மகளைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுதார். "இப்ப, இப்ப!" என்று அவள் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து கத்தினாள். அன்றைக்கு அவனிடம் இருந்த ஒரே ரிமோட்டை டைமரில் விட்டுவிட்டு அவன் பந்தியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு படங்களுக்கு நடுவே அந்த அழுகை நழுவிப் போனது. வீட்டுக்கு வந்ததும் "உலகத்துல உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா?" என்றான் அவன். "உங்க டைமரையே கட்டிக்கிட்டுக் குடித்தனம் நடத்துங்க" என்று அவள் பெட்டியை எடுத்தாள்.

"நீங்க அழுத்துங்க" என்றாள் இப்போது. தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "உங்க கண்ணால பார்த்து. முன்னாடி அழுத்தினா கார்டு தீர்ந்துடும். பின்னாடி அழுத்தினா ஒண்ணுமே இல்லை."

"நீ அங்க கையை வெச்சுடாத."

"வைக்கலை."

ரிமோட்டை அணைத்துச் சட்டைப்பையில் போட்டாள். போட்ட பிறகு கைக்கு வேலை இல்லாமல் போய், துப்பட்டா நுனியைச் சுருட்டத் தொடங்கினாள்.

இயந்திரம் இழுத்தது. எங்கோ கான்கிரீட் விரிந்து 'படீர்' என்றது. டேங்கின் தலை லாரிக்கு மேலே நடுங்குவதைப் பார்த்தாள். கூட்டம் 'ஓ' என்று அலறியது. ஒருவன், "விழுது, விழுது!" என்று கூவினான். அவள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"இல்லை" என்றது போன், நிதானமாக. "இன்னும் இல்லை. வெறும் பூச்சுதான் உதிருது."

கையை எடுத்தாள். டேங்க் அசையாமல் நின்றது. கூவியவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"இடது கால்ல விரிசல்" என்றான் அவள் கணவன். "மேலே போகுது. இரு... இரு..."

மேடையில் நின்ற மணப்பெண்ணின் அப்பா அவளுக்கு ஞாபகம் வந்தார். இவன் இப்போதும் எண்ணிக்கொண்டிருந்தால்? ஐந்துக்காகக் காத்திருந்தால்? போனைக் காதில் அழுத்தினாள். அவன் எண்ணவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

"இப்ப!" என்றான்.

டேங்கின் தலை, தூங்கி விழுகிறவன் தலைபோல, மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. பிறகு மெல்ல இல்லை. தரை ஒருமுறை எம்பி இறங்கியது. கடைகளின் இரும்புக் கதவுகள் தடதடத்தன. சாம்பல் நிறப் புழுதி எழுந்து லாரியை, கூட்டத்தை, எதிர்ப்பக்கத்தை, எல்லாவற்றையும் விழுங்கிற்று. போனில் ஒருவர் இருமும் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே போக விசில் ஊதியபோது அவள்தான் முதலில் ஓடினாள். செங்கல் குவியல் சரிந்திருந்தது. முக்காலி சாயவில்லை. திரையைத் துடைத்தாள். 'கார்டு நிறைந்துவிட்டது.' படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவன் அழுத்தியபோது வந்த முதல் படத்தில் கால் மடங்கத் தொடங்கியிருந்தது. இருபத்து மூன்றாவதில் டேங்க் தரைக்கும் வானத்துக்கும் நடுவே படுத்திருந்தது, ஒரு பக்கத்து மூடி மட்டும் தனியே பறந்துகொண்டிருந்தது.

அங்கேயே குந்தி உட்கார்ந்து அதைப் போனுக்கு மாற்றி அனுப்பினாள். அரை நிமிடத்தில் எடிட்டர் கூப்பிட்டார்.

"முதல் பக்கம்! காலையில வந்து உத்தரவை வாங்கிக்கோ. மிச்சப் படத்தை நீயே வெச்சுக்கோ, யாருக்கு வேணா குடு."

எழுந்து கவிழ்த்த தொட்டிப் பக்கம் போனாள். அவன் கேமராவில் புழுதியை ஊதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தாள். டேங்க் நேராக நிற்கும் படங்கள் வரிசையாக இருந்தன. விழுகிற படம் ஒன்றே ஒன்றுதான்.

"ஒண்ணுதானா?"

"அழுத்திப் பிடிச்சா இதுல ஒண்ணுதான் வரும்."

"விட்டு விட்டு அழுத்தியிருக்கலாமே. உங்களுக்கு நிறையக் கிடைச்சிருக்கும்."

"உன்னுது நடுவுல நடுவுல விட்டுப் போயிருக்கும்" என்றான், அவளைப் பார்க்காமல். பையிலிருந்து ஊசியை எடுத்து, பெட்டியின் குட்டி விசைகளைத் தேடினான். "எட்டுக்கு மாத்திடறேன். இனிமே உனக்கு இடைஞ்சல் இருக்காது."

அவள் வாயைத் திறப்பதற்குள் கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். மீசையெல்லாம் சாம்பல்.

"என்னப்பா, எல்லாம் வந்துச்சா? காமி... இதென்ன, விழறது ஒத்தைப் படமா? டைமர் வெச்சா ஒண்ணும் தப்பாதுன்னு காலையில அந்தப் பேச்சுப் பேசினியே!"

அவள் தன் கேமராவை நடுவில் நீட்டினாள்.

"இதுல இருக்கு சார். கால் மடங்கினதுல இருந்து தரையில விழுந்தது வரைக்கும். பத்திரிகைக்குப் போனது போக மீதி எல்லாம் உங்களுக்குத்தான். இவர்தான் அழுத்தினார்."

கான்ட்ராக்டர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சந்தேகமாக நிமிர்ந்தார்.

"உன் கேமராவை இவன் ஏம்மா அழுத்தறான்? நீ யாரு?"

கணவன் லென்ஸ் மூடியைத் தேடுகிறவன்போலத் தரையில் குனிந்தான். மூடி அவன் கையிலேயே இருந்தது.

"நான் இவர் சம்சாரம்" என்றாள் அவள்.

அவன் நிமிர அவசரப்படவில்லை. நிமிர்ந்தபோது விசைகளை நகர்த்தாமலே ஊசியைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து மூடினான்.